பண்ணை வீதி இருட்டுக்கு ஒரு முன்விளக்கு

யாழ்ப்பாண நகரத்தில் வேலை முடித்து இரவில் வேலணைத் தீவுக்குத் திரும்புகிறவர்களுக்குப் பண்ணை வீதியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோட்டையடியைத் தாண்டினால் இரு பக்கமும் பரவைக்கடல். மரமில்லை, மதிலில்லை, வீட்டு வெளிச்சமில்லை. வாடைக்காற்று முதுகில் தள்ளும், சோளகம் நெஞ்சில் தள்ளும். எதிரே வருகிற பஸ் தன் முழு வெளிச்சத்தையும் முகத்தில் கொட்டிவிட்டுப் போகும். அது கடந்த பிறகு சில விநாடிகளுக்கு நீங்கள் குருடர். அல்லைப்பிட்டி, மண்கும்பான் பக்கம் போய்விட்டால் கட்டாக்காலி மாடுகள். பகலெல்லாம் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் அவை வீதியின் நடுவிலேயே படுத்துவிடும். கறுத்த மாடு கறுத்த தாரில் படுத்திருந்தால் கண் மட்டும்தான் மினுங்கும். அதுவும் மாடு மனம் வைத்து உங்கள் பக்கம் திரும்பினால்தான்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் களைப்பில் வாங்கியதுதான் என் மின்சைக்கிள். 48 வோல்ற் பற்றரி, பின்சில்லில் மோட்டார், முன்னால் ஒரு கம்பிக்கூடை. சமதரையில் காற்று உதவினால் மணிக்கு 30 கிலோமீற்றரைத் தொடும். யாழ்ப்பாணத்தில் சமதரைக்கு என்ன பஞ்சம்? வண்டியில் குறை சொல்ல அதிகமில்லை, முன்விளக்கைத் தவிர. ஹோர்னும் விளக்கும் ஒன்றாக ஒட்டிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டி அது. மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கு அது போதும். நாம் வீதியைப் பார்ப்பதற்குப் போதாது.

எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதை விளக்கின் பெட்டியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பிறேக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 8.3 மீற்றர். ஒரு பொருளைக் கண்டு, அது மாடுதான் என்று மூளை ஒப்புக்கொண்டு, விரல் பிறேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி போய்விடும். அதற்குள் வண்டி 12 மீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். நல்ல பிறேக்கும் காய்ந்த தாரும் இருந்தால் நிற்பதற்கு இன்னும் 9 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 21 மீற்றர் சொச்சம். மண்கும்பானில் வீதியோரத்து மணல் தாரின் மேல் பரவிக் கிடக்கும் இடங்களில் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். எனவே 30 மீற்றர் தூரத்தில் கிடக்கும் ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். இதுதான் நான் வைத்துக்கொண்ட அளவுகோல். இதற்குக் குறைந்த விளக்கோடு அந்த வேகத்தில் ஓடுவது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதுதான்.

கடைகளில் விளக்கை லூமன் கணக்கில் விற்கிறார்கள். லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைக்கும் புறப்படும் ஒளியின் மொத்தம். அதில் எவ்வளவு வீதியில் விழுகிறது, எவ்வளவு பனைமரத்தின் வட்டுக்குப் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு லக்ஸ். சைக்கிள் விளக்குக்கு அதை 10 மீற்றர் தூரத்தில் அளப்பது வழக்கம். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. என் வண்டியோடு வந்த விளக்கை இரவில் ஒரு வெறுங்காணி மதிலுக்கு நேரே பிடித்து, 10 மீற்றரில் கைப்பேசியின் ஒளியுணரியால் அளந்து பார்த்தேன். வட்டத்தின் நடுவில் 9 லக்ஸ். அப்படியானால் 30 மீற்றரில் 1 லக்ஸ். நல்ல பூரணை நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவில் இருக்கும். ஆக, என் முன்விளக்கு 30 மீற்றர் தூரத்தில் நான்கு நிலவுக்குச் சமம். எழுதும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மதில் நிமிர்ந்து நிற்கிறது, வீதி படுத்துக்கிடக்கிறது. சாய்ந்து விழும் ஒளி பரந்து போவதால் வீதியில் கிடைப்பது அதிலும் மிகக் குறைவு. கைப்பேசியின் அளவு ஆய்வுகூட அளவல்ல என்பது தெரியும். ஒரே கைப்பேசியால் விளக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது மோட்டார் சைக்கிளுக்கு விற்கும் எல்ஈடி பட்டை விளக்கை வாங்கிப் பூட்டுவது. தெரிந்த ஓட்டோக்கார அண்ணையிடம் ஒன்று சும்மா கிடந்தது. கேட்டு வாங்கி, பழைய 12 வோல்ற் பற்றரி ஒன்றில் பூட்டி, அதே மதிலில் அடித்துப் பார்த்தேன். நடுவில் 55 லக்ஸ். சரி, நல்லது. பிறகு கைப்பேசியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன். அங்கேயும் 40. மதிலின் மேல் விளிம்பு, அதற்குப் பின்னால் நின்ற முருங்கை, அதற்கும் பின்னால் ஒரு வீட்டின் கூரை ஓடுகள், எல்லாம் பகல்போல் தெரிந்தன. பண்ணையில் இதைப் போட்டுக்கொண்டு போனால் எதிரே மீன் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற சைக்கிள்காரரின் கதி என்ன? பஸ்காரர் எனக்குச் செய்வதை நான் அவருக்குச் செய்வேன். இரு பக்கமும் தண்ணீர் உள்ள வீதியில் எதிரே வருபவரின் கண்ணைப் பறிப்பது அவரை மட்டும் பாதிக்கிற காரியமில்லை. கண் கூசியவர் எந்தப் பக்கம் திருப்புவார் என்று யாருக்குத் தெரியும்?

பட்டை விளக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது முன்சில்லுக்குப் பக்கத்திலேயே மிகுந்த வெளிச்சத்தைக் கொட்டுகிறது. மூன்று நான்கு மீற்றர் தூரம் வெள்ளைவெளேரென்று இருந்தால் கண்மணி சுருங்கிவிடும். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் முன்பைவிட இருண்டுபோகும். தீவுப்பகுதியின் வெண்மணலில் இது இன்னும் மோசம். ஓட்டுகிறவருக்கு மட்டும் ‘ஆகா, என்ன வெளிச்சம்’ என்று தோன்றும். மாடு வந்த பிறகுதான் உண்மை தெரியும்.

நான் தேடியது மேற்பக்கம் வெட்டுப்பட்ட ஒளி. காரின் தாழ்ந்த வெளிச்சத்தில் இருப்பதுபோல் ஒரு கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். சைக்கிள் விளக்குக்கு இதைச் சட்டமாகவே வைத்திருக்கும் நாடு ஜேர்மனி. அங்குள்ள விதிப்படி முன்விளக்கு 10 மீற்றரில் குறைந்தது 10 லக்ஸ் தர வேண்டும். கோட்டுக்கு மேலே 2 லக்ஸைத் தாண்டக்கூடாது. அனுமதி பெற்ற விளக்கின் உடம்பில் ஓர் அலைக்கோடும், கே என்ற எழுத்தும், ஓர் எண்ணும் பொறித்திருக்கும். நம் ஊரில் ஜேர்மனியில் ஆளில்லாத வீடு ஏது? விடுமுறைக்கு வரவிருந்த மச்சானிடம் சொன்னேன். சொக்கலேற்றுக்குப் பதிலாக இதைக் கொண்டுவா என்றேன். அவர் இரண்டையும் கொண்டுவந்தார்.

உள்ளங்கையில் அடங்கும் விளக்கு அது. எல்ஈடி முன்னால் பார்க்கவில்லை. மேலே ஒளிந்துகொண்டு பின்பக்கத்துக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்து எரிகிறது. அந்தக் கிண்ணம்தான் ஒளியை வடிவாக வெட்டி வீதிக்கு அனுப்புகிறது. மதிலில் அடித்தபோது கோட்டுக்குச் சற்றுக் கீழே 70 லக்ஸ். கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினால் 2க்கும் குறைவு. முருங்கை மரம் இருட்டில் நிம்மதியாக நின்றது. இத்தனைக்கும் அது எடுக்கும் மின்சாரம் 4 வாற் அளவு. பட்டை விளக்கு 20 வாற் எடுத்தது. 30 மீற்றரில் 70ஐ ஒன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 8 லக்ஸ். பழைய விளக்கு 10 மீற்றரில் காட்டியதை இது 30 மீற்றரில் காட்டுகிறது.

வெளிநாட்டு விளக்கு என்றால் ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். நாம் வீதியின் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், ஜேர்மனியர் வலப்பக்கம். அவர்களின் கார் விளக்கு வலப்பக்க ஓரத்தை உயர்த்திக் காட்டும். அதை இங்கே பூட்டினால் எதிரே வருபவரின் கண்ணில்தான் நேராக அடிக்கும். சைக்கிள் விளக்கில் இந்தச் சாய்வு இல்லை. மதிலில் விழுந்த கோடு இரு பக்கமும் ஒரே மட்டம். மச்சான் கார் விளக்கு கொண்டுவந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இனி வோல்ற் கதை. இந்த வேலையில் பலருடைய விளக்கு புகைந்துபோவது இந்த இடத்தில்தான். விளக்கின் பின்பக்கத்தில் ‘6–48 வோல்ற், நேர்மின்’ என்று அச்சிட்டிருக்கிறது. நேர்மின் என்றால் பற்றரி தருவதுபோல் ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதாவது டிசி. என் பற்றரியிலும் 48 வோல்ற் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று நேரே பூட்டிவிடத் தோன்றும். ஆனால் என் 48 வோல்ற் பற்றரி என்பது 13 லிதியம் கலங்களைத் தொடராக அடுக்கியது. ஒரு கலம் முழுதாக ஏறினால் 4.2 வோல்ற். 13ஆல் பெருக்கினால் 54.6. அதாவது இரவு முழுக்க சார்ஜில் போட்டு எடுத்த பற்றரி விளக்கின் எல்லையை 6 வோல்றுக்கு மேல் தாண்டி நிற்கிறது. பற்றரியில் எழுதியிருப்பது நடுத்தர மதிப்பு, விளக்கில் எழுதியிருப்பது உச்ச வரம்பு. 36 வோல்ற் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்களுடையது 10 கலம், உச்சம் 42. நேரே பூட்டலாம்.

பழைய விளக்கைக் கழற்றி அதன் பிளக்கில் மல்ரிமீற்றரை வைத்தேன். கைப்பிடித் திரையில் விளக்குப் பொத்தானை அழுத்தியதும் 53.9 காட்டியது. என் கொன்ரோலர், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி, பற்றரி வோல்றை அப்படியே விளக்குக்கு அனுப்புகிறது என்பது உறுதியானது. சில வண்டிகளின் கொன்ரோலர் 6 வோல்றாகவோ 12 வோல்றாகவோ குறைத்துத் தரும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வயர்தான். ஆகவே அளக்காமல் எதையும் பூட்டக்கூடாது. வயரின் நிறத்தையும் நம்பக்கூடாது. என் வண்டியில் ஹோர்னுக்கும் விளக்குக்குமாக நான்கு வயர் வந்தது. அதில் விளக்கின் நேர்முனை மஞ்சள், சிவப்பு வயர் ஹோர்னுக்குப் போனது.

எனவே நடுவில் வோல்றைக் குறைக்கும் ஒரு கொன்வேட்டர் தேவைப்பட்டது. கடைக்காரத் தம்பி முதலில் எடுத்துக் காட்டியது பச்சைப் பலகையில் திறந்தபடி இருக்கும் ஒரு சிறு சாமான். ஒரு கறுப்புச் சிப், ஒரு செம்புச் சுருள், திருகி வோல்ற் மாற்ற ஒரு நீலப் பெட்டி. இலத்திரனியல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் வாங்குவது இதைத்தான். சிப்பின் முதுகில் எல்எம் 2596 என்று இருந்தது. அந்தச் சிப்பின் சாதாரண வகை 40 வோல்ற் வரைதான் வேலை செய்யும்; 54 வோல்றைக் கொடுத்தால் அதோடு சரி. வோல்றைக் குறைக்கும் இந்த வகைச் சிப்புகளில் இன்னொரு கெட்ட குணம், உள்ளே சுவிச்சு எரிந்து ஒட்டிக்கொண்டால் உள்ளே வரும் வோல்றை அப்படியே மறுபக்கம் தள்ளிவிடும். அதனுடன் விளக்கும் போய்விடும். ‘தம்பி, மின்சார முச்சக்கர வண்டிக்குப் போடுகிற அலுமினியப் பெட்டி இருக்கிறதா?’ என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஒன்றைத் தேடி எடுத்தான். முழுவதும் பிசின் ஊற்றி அடைத்தது. உள்ளே 30 முதல் 60 வோல்ற், வெளியே 12 வோல்ற், 3 அம்பியர். விளக்குக்குத் தேவையானது அரை அம்பியருக்கும் குறைவு. ஆகவே கொன்வேட்டர் சூடாகாது. 12 வோல்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பின்னாளில் பின்விளக்கு ஒன்றையும் அதே வயரில் தொங்கவிட நினைத்தால், 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் சாமான் எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும்.

கொன்வேட்டரைப் பற்றரியில் நேரே பூட்டுவதா, கொன்ரோலரின் விளக்கு வயரில் பூட்டுவதா என்று யோசித்தேன். பற்றரியில் நேரே பூட்டினால் விளக்கு எரியாதபோதும் கொன்வேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்; வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் அது சிறு தொகையல்ல. விளக்கு வயரில் பூட்டினால் பொத்தானை அழுத்தும்போது மட்டும்தான் உயிர் வரும். ஆனால் அந்த வயருக்குப் பின்னால் கொன்ரோலருக்குள் இருப்பது ஒரு சின்ன டிரான்சிஸ்டர். 4 வாற் அதற்குச் சுமையில்லை. 20 வாற் பட்டை விளக்கைப் பூட்டுகிறவர்கள் அந்த வயரிலிருந்து இழுக்காமல், தனி வயரும், சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிச்சான ரிலேயும் போடுவது நல்லது. என்னுடையது 4 வாற்தான் என்பதால் விளக்கு வயரையே எடுத்தேன்.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. காருக்குப் போடும் நிறநிறமான தட்டைப் பியூஸ்களில் பெரும்பாலானவை 32 வோல்றுக்குச் செய்தவை. உற்றுப் பார்த்தால் தலையில் சிறிய எழுத்தில் இருக்கும். 54 வோல்ற் நேர்மின்னில் கம்பி உருகிய பிறகும் இடைவெளியில் தீப்பொறி பிடித்து நின்றுவிடலாம். நேர்மின்னுக்கு 60 வோல்றுக்கு மேல் தாங்கும் என்று குறித்திருந்த 1 அம்பியர் பியூஸ் ஒன்றை, கொன்வேட்டருக்கு முன்னால், வயர் புறப்படும் இடத்துக்குக் கிட்டவே வைத்தேன்.

வயர் வேலைக்கு முன்னால் குருநகருக்குப் போனேன். அங்கே படகுகளுக்கு மின்வேலை செய்யும் ஓர் அண்ணையை எனக்குத் தெரியும். பண்ணையில் நாளும் ஓடும் வண்டிக்கும் படகுக்கும் எதிரி ஒன்றுதான், உப்பு. பழைய விளக்கின் பிளக்கைக் காட்டினேன். திறந்து பார்த்தார். பித்தளை முள்ளில் பச்சை பூத்திருந்தது. வயரின் தோலை இரண்டு அங்குலம் சீவி எடுத்தார். உள்ளேயிருந்த செம்பு இழைகள் கறுத்துப்போய், விரலால் தேய்த்ததும் துகளாக உதிர்ந்தன.

‘தம்பி, வெளியே பூசி மெழுகிப் பிரயோசனமில்லை. உப்புத் தண்ணீர் தோலுக்குள்ளேயே ஏறி ஓடும். வெள்ளீயம் பூசிய வயரைப் போடுங்கள்’ என்றார்.

‘மூட்டுகளுக்கு ஈயம் வைத்தால் போதுமா, அண்ணை?’

‘அதிரும் சாமானுக்கு வைக்காதீர்கள். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போகும். அது முடிகிற விளிம்பில் ஒரு நாள் படக்கென்று அறும். அமுக்கிப் பூட்டுங்கள்.’

அவர் சொன்னபடியே செய்தேன். படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய இரட்டை வயர் மூன்று மீற்றர் அவரிடமே வாங்கினேன். உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் குழாயையும் அவரே தந்தார். சாதாரணக் குழாய் சுருங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். பசையுள்ளது சூடுபட்டதும் இரு முனையிலும் தேன்போல் கசிந்து வெளியே வரும். அந்தக் கசிவைக் கண்ணால் கண்டால்தான் மூட்டு அடைபட்டது என்று அர்த்தம். இதை நான் எல்லா மூட்டிலும் பார்த்து உறுதி செய்தேன். கழற்ற வேண்டிய பிளக் ஒன்று மட்டும் விட்டேன், விளக்குக்குக் கிட்ட. அதன் முள்ளுகளில் வாஸ்லின் தடவிப் பூட்டினேன்.

கொன்வேட்டரை இருக்கைக்குக் கீழே, சட்டத்தோடு ஒட்டிக் கட்டினேன். அலுமினியம் அலுமினியத்தில் படுவதால் இருக்கிற கொஞ்சச் சூடும் சட்டத்துக்குப் போய்விடும். வயர்கள் அதற்குள் நுழையும் முனையைக் கீழ்நோக்கி வைத்தேன். எந்த வயரும் ஒரு பெட்டிக்குள் போவதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

அடுத்தது கூடை. இந்த ஊரில் முன்கூடை இல்லாத சைக்கிளில் மரக்கறி வாங்கப் போக முடியாது. ஆனால் கைப்பிடியில் விளக்கைப் பூட்டினால் கூடைக்குள் இருக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்குத்தான் வெளிச்சம் போகும். கூடையின் முன்விளிம்பில் பூட்டலாம் என்றால், கூடை மெல்லிய கம்பி. பாரம் ஏறியதும் குனியும், வெளிச்சமும் குனியும். கடைசியில் முன்கவையின் தலையில், மட்காட் பூட்டும் துளையிலேயே ஓர் இரும்புத் தகட்டை வளைத்துப் போட்டு, கூடைக்குக் கீழே விளக்கை முன்னுக்குத் தள்ளி வைத்தேன். தகட்டை வளைத்துத் துளையிட்டுத் தந்தது சந்தியில் உள்ள ஒட்டுவேலைக் கடை. நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரம். கைப்பிடியைவிட இது தாழ்வு. தாழ்வில் ஒரு நன்மை உண்டு. ஒளி தாழப் படிந்து வருவதால் குழிகளின் விளிம்பு நீண்ட நிழல் விழுத்தும். குழி குழியாகவே தெரியும். உயரத்திலிருந்து அடித்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். தலையில் கட்டும் டோர்ச்சோடு ஓடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

திசை வைப்பதுதான் மிக முக்கியம். நல்ல விளக்கையும் சற்று நிமிர்த்தி வைத்தால் அது பட்டை விளக்குத்தான். கணக்கு எளிது. வெட்டுக்கோடு 40 மீற்றரில் நிலத்தைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். விளக்கின் உயரம் 75 சென்ரிமீற்றர் என்றால் 5 மீற்றர் தூரத்தில் அதன் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும். மதிலில் 66 சென்ரிமீற்றர் உயரத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை 5 மீற்றர் தள்ளி நிறுத்தி, அக்காவின் மகனைக் கூடையில் அரிசிப் பையோடு ஏறி உட்காரச் சொன்னேன். அதாவது அரிசிப் பை கூடையில், பையன் இருக்கையில். பாரம் இல்லாமல் வைத்த திசை பாரம் ஏறியதும் மாறிவிடும் என்பதற்காக. ஒளியின் மேல்விளிம்பு வெண்கட்டிக் கோட்டில் உட்கார்ந்ததும் திருகாணியை இறுக்கி, அதன் கழுத்தில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டேன். அந்தப் பூச்சு உடைந்தால் திருகாணி தளர்ந்துவிட்டது என்று பார்த்ததும் தெரியும்.

பொத்தானை அழுத்தும்போது ஓர் எண்ணம். என் தகப்பனார் காலத்துச் சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். டயரில் உரசி இரைந்துகொண்டு ஓடும். வண்டி நின்றால் வெளிச்சமும் நிற்கும். 90களில் பொருளாதாரத் தடையால் பற்றரி வராமல், மின்சாரமும் இல்லாமல் இருந்த ஆண்டுகளில் அதே டைனமோவைச் சுற்றித்தான் இங்குள்ளவர்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் காதைக் கொடுத்து நிற்பார்கள். அந்த 3 வாற்றுக்கும் இந்த 4 வாற்றுக்கும் மின்சாரக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசமெல்லாம் எல்ஈடியிலும் அந்தக் கண்ணாடிக் கிண்ணத்திலும்தான்.

விளக்கு பற்றரியைத் தின்னுமா என்று கேட்டவர்கள் உண்டு. என் பற்றரியில் இருப்பது 500 வாற்-மணி அளவு. விளக்கை இரண்டு மணி நேரம் எரித்தால் 8 வாற்-மணி, கொன்வேட்டரின் இழப்பையும் சேர்த்தால் 10. எதிர்க்காற்றில் ஒரே ஒரு கிலோமீற்றர் மிதிக்காமல் போனால் மோட்டார் அதைவிட அதிகமாகக் குடித்துவிடும். வெளிச்சத்தில் சிக்கனம் பிடிக்கத் தேவையில்லை.

பண்ணையில் முதலில் கண்ணில் பட்டது வீதியின் ஓரம். தார் முடிந்து கல்லும் மண்ணும் தொடங்கும் கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தது. முன்பு அதை ஊகித்துத்தான் ஓடினேன். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் யாரும் விளக்கை அடித்துக் காட்டவில்லை. அதுவே நற்சான்று. அல்லைப்பிட்டியைத் தாண்டி ஒரு மாடு நின்றது. அதன் கால்கள் நான்கும் முதலில் தெரிந்தன, உடம்பு பிறகு. வெட்டுக்கோடு உள்ள விளக்கில் அப்படித்தான் தெரியும்; தூரத்தில் உள்ளவற்றின் அடிப்பாகம் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும். கொஞ்சம் பழக வேண்டும். தாழத் தொங்கும் கிளையோ வயரோ இருந்தால் இந்த விளக்குக் காட்டாது. ஊருக்குள், ஒழுங்கைகளில், கிடுகு வேலிக்கு மேலாகப் பூவரசங்கிளை நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் அதனால் வேகத்தைக் குறைத்துத்தான் போகிறேன்.

மாரி தொடங்கியதும் மழையிலும் ஓடிப் பார்த்தேன். நீலம் கலந்த வெள்ளை ஒளி தூறலில் பட்டுத் திரும்பி வந்து கண்ணுக்கு முன்னால் திரைபோல் நிற்கும். பட்டை விளக்கில் அதுதான் நடந்தது. ஒளி கோட்டுக்குக் கீழே அடங்கியிருக்கும்போது கண்மட்டத்தில் உள்ள மழைத்துளிகள் இருட்டிலேயே விழுகின்றன. அதனால் வீதி மறைவதில்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய தார் எந்த விளக்குக்கும் அடங்காது. ஒளியை முன்னுக்கே வழுக்கிவிட்டுக் கறுப்பாகக் கிடக்கும். வெள்ளம் நிற்கும் இடத்தில் குழி எங்கே என்று காட்டும் விளக்கை இன்னும் யாரும் செய்யவில்லை. மழை ஓய்ந்த மாலைகளில் ஈசல் வந்து மொய்ப்பதும் உண்டு, ஆனால் விளக்குத் தாழ்வாக இருப்பதால் அவை முகத்துக்கு வருவது குறைந்திருக்கிறது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் விளக்கின் கண்ணாடியையும் பிளக்கின் வெளிப்புறத்தையும் துடைக்கிறேன். உப்புப் படலம் காய்ந்தால் கண்ணாடி மங்கும்; வெட்டுக்கோடும் கலங்கிவிடும். கலங்கிய கோடு எதிரே வருபவரின் கண்ணுக்குத்தான் போகும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமா இதைப் பார்த்துவிட்டுத் தன் 36 வோல்ற் வண்டிக்கும் கேட்டார். அவருடைய விளக்கு வயரில் 41 வோல்றுக்கு மேல் வந்தது, மச்சான் அனுப்பிய இரண்டாவது விளக்கின் எல்லைக்குள். கொன்வேட்டர் இல்லாமலே பூட்டிக் கொடுத்தேன். கூடையைக் கழற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. எனவே அதே ஒட்டுவேலைக் கடையில் அதே அளவில் இன்னொரு தகடு சொல்லியிருக்கிறது. என் வண்டியில் மிச்சம் இருப்பது பின்விளக்கு. கொன்வேட்டரின் 12 வோல்ற் முனையிலிருந்து ஒரு வயரை இருக்கைக்குக் கீழே இழுத்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். முனையில் பசைக்குழாய் போட்டு அடைத்தாயிற்று.